மைக் அக்கா கேட்ட ஸ்கோர்

வாரநாள்களில் தையல் கடை. விடுமுறை நாள்களில் விளையாட்டுத் திடலின் ஒலிபெருக்கி. அதனால் எல்லாருக்கும் அவர் ‘மைக் அக்கா’. ஆட்டம் முடியும்வரை அவர் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. தேநீர்கூட இருந்த இடத்துக்கே வரும்.

“அம்மா வீட்லயும் மைக் வச்ச மாதிரிதான் பேசுவாங்க” என்பாள் மகள் சிட்டு. கால்பந்து அணியின் கோல்கீப்பர்.

இருவருக்குள்ளும் ஒரு வழக்கம் உண்டு. சிட்டு கடினமான பந்தைப் பிடித்தால் அம்மா பெயர் சொல்லிக் கூவுவார். அவள் மைக் மேசையைப் பார்த்துக் கையுறையை ஆட்டுவாள்.

அன்று இறுதி ஆட்டம். மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் முன்வரிசையில். இரண்டுக்கு ஒன்று என்று சிட்டுவின் அணி முன்னிலை. சீறி வந்த பந்தைப் பாய்ந்து தடுத்தவளின் தலை, கோல் கம்பத்தில் மோதியது. உருண்டாள், எழுந்தாள். திடலே அதிர்ந்தது.

“தடுத்துட்டா! சிட்டுன்னா சிட்டுதான்!”

கையுறை உயர்ந்தது. ஆனால், ஈ காக்கை இல்லாத எதிர்ப்பக்கத்தைப் பார்த்து ஆடியது. கூட்டம் சிரித்தது. மைக் அக்கா மட்டும் நாற்காலி நுனிக்கு வந்தார். விளையாட்டுப்போல மைக்கிலேயே கேட்டார்: “சிட்டு, ஸ்கோர் என்ன? கையில காட்டு!”

அவள் யோசித்தாள். பிறகு, தெரியாது என்பதுபோல இரு கைகளையும் விரித்தாள்.

“மாஸ்டர், அவள வெளிய கூப்பிடுங்க!”

பயிற்சியாளர் ஓடிவந்தார். “அக்கா, நல்லாத்தானே நிக்கிறா! ஆள் எடுக்கிறவங்க பார்த்துட்டிருக்காங்க.”

“நிக்கிறா. எங்க நிக்கிறோம்னுதான் அவளுக்குத் தெரியல. இன்னொரு அடி பட்டா, என் பொண்ண நீங்களா திருப்பித் தருவீங்க?”

மைக் அணைக்கப்படவில்லை. இந்த வாக்குவாதம் திடல் முழுக்கக் கேட்டது. நடுவரே விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். மைக் அக்கா முதன்முறையாக நாற்காலியை விட்டு எழுந்து ஓடினார்.

மருத்துவமனைக்குப் போகும் ஆட்டோவில் சிட்டு கேட்டாள்: “ஸ்கோர் என்னம்மா?” சொன்னார். தெருமுனை திரும்புமுன் மறுபடி அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் புதிதாக அறிவிப்பதுபோலச் சொன்னார். ஆட்டோக்காரருக்கே மனப்பாடமாகிவிட்டது.

“மூளை அதிர்ச்சிதான். ரத்தக்கசிவு இல்ல” என்றார் மருத்துவர். “நாங்க சரின்னு சொல்ற வரைக்கும் பந்தைத் தொடக்கூடாது. உடனே வெளிய எடுத்தீங்களே, அதுதான் பெரிய விஷயம்.”

மாலையில் மருத்துவமனைக் கட்டிலில் தூங்கி எழுந்த சிட்டு சீறினாள். “எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டியே! ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சிட்டிருந்தோம்!”

அக்கா துள்ளி எழுந்தார். “டாக்டர்! ஸ்கோர சரியா சொல்றா! என்னையும் திட்டுறா!”

“மெதுவாம்மா, இது கிரவுண்ட் இல்ல” என்றார் செவிலியர்.

“கடைசில யார் ஜெயிச்சா?” என்றாள் சிட்டு.

அக்கா விழித்தார். “தெரியலடி.”

“மைக் அக்காவுக்கே ஸ்கோர் தெரியலையா!” சிட்டு சிரித்தாள். சிரித்ததில் தலை வலித்தது. அம்மாவின் விரலை இறுகப் பற்றிக்கொண்டாள்.