தவிட்டுக்கு விற்ற பிள்ளை

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதை என்றால் விடமாட்டேன். என் சின்ன மாப்பிள்ளை ஒரு ஜப்பான்காரப் பிரபுவின் கதையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது பாடமாகிவிட்டது.

மாப்பிள்ளைக்கு ஜப்பான் கம்பெனியில் வேலை. அங்கே பாஷை சொல்லித்தரும் ஜப்பான் அம்மா, தன் முன்னோர் ஒருவரின் கதையைச் சொல்லி, அதை அவர்கள் பாஷையிலேயே பரீட்சையில் திருப்பிச் சொல்லச் சொல்லியிருந்தார். அந்த மனிதர் அரண்மனைப் பிரபு. சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. பாட்டு எழுதுவது, வாசனைத் தூள் கலப்பது, ராஜா வந்தால் எந்த இடத்தில் நிற்பது என்று பார்ப்பது, இதுதான் வேலை. பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வாராம்.

"வெத்தல போட்டா மாப்ள?" என்றேன்.

"இல்ல அத்த, அழகுக்கு."

அழகுக்கு! புகையிலை அடக்கி அடக்கிப் பல்லெல்லாம் கரியாகிப்போன என் மாமியார் அங்கே பிறந்திருந்தால் மகாராணி.

நாங்கள் சிரித்தோம். சிரிக்கிற இடமில்லை அது. ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் என் சின்ன மகள் பெற்ற பிள்ளை, உள்ளங்கை அகலத்துக்கு, ஒயர்களோடு கிடந்தான். அவளுக்கு அவன் மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டையும் துணியில் சுற்றி மாப்பிள்ளைதான் தூக்கிப்போனார். தாயைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அவள் வெளியே வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் தரையைப் பார்ப்பேன். மாப்பிள்ளை பயத்தை மறக்க ஜப்பான் பாஷையை முணுமுணுப்பார். நான் தமிழில் அர்த்தம் கேட்பேன்.

அந்தப் பிரபுவுக்கும் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லையாம். அவரே ஒரு வீட்டில் பிறந்து, வாரிசு இல்லாத இன்னொரு வீட்டுக்குத் தத்துப் போனவர். அந்த வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டவர். அவருடைய அக்காள் அரண்மனையில் இருந்தாளாம். இவ்வளவு உறவு இருந்தும் தொட்டில் காலி. மூன்றாவது பிள்ளை பிறந்ததும் கூடையில் வைத்து, வீட்டுக்கு வெளியே நாற்சந்தியில் விட்டுவிட்டார்களாம். அவருடைய வேலையாள் ஒருவர் தற்செயலாகப் பார்த்ததுபோல் எடுத்து வரவேண்டும். அப்போது அது அந்த வீட்டில் பிறந்த பிள்ளை இல்லை, கண்டெடுத்த பிள்ளை.

நான் துள்ளி எழுந்தேன். "நம்ம தவுடு மாதிரியே கீதே மாப்ள!"

எங்கள் பக்கம், பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததை ஒரு கைப்பிடி தவிட்டுக்கு விற்பார்கள். வாங்கியவள் தன் பிள்ளை என்று மடியில் போட்டுக் கொஞ்சி, அப்புறம் வளர்க்கச் சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். எமன் வந்து பார்த்து, வீடு மாறி வந்துவிட்டோம் என்று போய்விடுவான். என் அண்ணனே தவிட்டுக்கு விற்றவன்தான். ரயில்வேயில் இருந்து பென்ஷன் வாங்குகிறான்.

"அத்த, டாக்டர் பாத்துக்குவாரு" என்றார் மாப்பிள்ளை.

"டாக்டர் உள்ள பாக்கட்டும். நாம வெளிய பாப்போம்."

சென்னீர்குப்பத்தில் இருக்கும் பெரிய மகளுக்குப் போன் போட்டேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை. மாட்டுத்தீவனக் கடையில் தவிடு வாங்கி, கேரி பேக்கில் முடிந்து வந்து நின்றாள். செக்யூரிட்டி மோந்து பார்த்து, "இன்னாம்மா, ஆஸ்பத்திரில மாடு கட்டிக்கீறீங்களா?" என்றான்.

சின்னவள் வெளியே வந்தாள். பெரியவள் அவள் முந்தானையில் தவிட்டைக் கொட்டினாள். கண்ணாடிப் பெட்டி இருந்த பக்கம் கை நீட்டி, சின்னவள் சொன்னாள்: "அக்கா, அது எம்புள்ள இல்ல. உன் புள்ள."

விற்றாயிற்று. திருப்பிக் கொடுப்பதுதான் நடக்கவில்லை. பெட்டிக்குள் இருப்பவனை எப்படி மடியில் போடுவது, எப்படித் திருப்பிக் கொடுப்பது? வீட்டுக்கு வந்ததும் செய்துகொள்ளலாம் என்று விட்டோம்.

மறுநாளிலிருந்து பிள்ளை பால் இறக்கினான். எடை ஏறினான். நர்ஸம்மாகூட ஆச்சரியப்பட்டது. நான் வராந்தாவில் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன்.

திருநின்றவூர் வீட்டுக்கு அவனைக் கொண்டுவந்த அன்று பெரியவள் அவனை மடியில் போட்டுக் கொஞ்சி, முறைப்படி நீட்டினாள். "இந்தாடி, வளத்துக் குடு."

சின்னவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "வேணாங்க்கா."

"இன்னாடி வேணாம்? வாங்குடி" என்றேன்.

"உன் புள்ளன்னு சொன்னதாலதான் உசுரோட கீறான். நான் வாங்கினா மூணாவதயும் மண்ணுல வெக்கணுமா? நீ வந்து வெப்பியா?"

மாப்பிள்ளை கத்தினார். கெஞ்சினார். அவள் காலைக்கூடப் பிடித்தார். "பால் குடுக்கறேன். ஆனா எம்புள்ளன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க" என்றாள். பெரியவளைத் தனியே கூப்பிட்டு, தங்கச்சிக்குப் புத்தி சொல்லடி என்றேன். அவள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். "குடுக்கணும்னுதாம்மா வந்தேன். இப்ப கை வர மாட்டேங்குது."

அப்போதுதான் மாப்பிள்ளையைக் கேட்டேன், அந்தப் பிரபு அப்புறம் என்ன செய்தார் என்று. அவர் சொல்ல மறுத்தார். நான் விடவில்லை.

கூடையைத் தூக்கிவந்த வேலையாள் வீட்டிலேயே பிள்ளை வளர்ந்தானாம். பெற்றவர் பயத்தில் திரும்ப வாங்கவே இல்லை. வீட்டை அண்ணன் மகனைத் தத்தெடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டார். புதுவருஷத்துக்குப் புதுவருஷம் அந்தப் பையன் வாசலில் வந்து குனிந்து வணங்குவான். இவரும் யாரோ விருந்தாளிக்குச் செய்வதுபோல் பதிலுக்கு வணங்கி அனுப்புவாராம்.

"பெத்த புள்ளைய யாரோன்னு கும்புட்டாரா?"

"ஆமா அத்த." மாப்பிள்ளை அந்தப் பரீட்சைக்குப் போகவே இல்லை.

பிள்ளை இப்போது சென்னீர்குப்பத்தில் இருக்கிறான். குண்டுப்பயல். பார்த்தால் கடித்துத் தின்னலாம் போலிருக்கும், எனக்குச் சந்தோஷம் தாங்காது. சின்னவள் விடிந்ததும் பஸ் மாறி மாறிப் போகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சித்தி வந்துட்டேன்டா" என்பாள். அந்தக் குரல் கேட்டாலே அவன் உதட்டைச் சப்புவான். ஊட்டி முடித்ததும் அக்காள் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன், மாப்பிள்ளையும் கூட வந்தார். பிள்ளை ஏதோ ங்கா ங்கா என்று பேச ஆரம்பித்திருக்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அத்த, இவன் வாய் தொறந்து பேசறப்ப, என்னய இன்னான்னு கூப்புட சொல்லட்டும்?"

உள்ளே இருந்த இரண்டு மகள்களும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். இரண்டு பேருமே நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தார்கள்.

"சித்தப்பா" என்றேன்.