அம்மன் காலடிக்குப் போன யானைக் காசு

ராசம்மாவுக்குப் பைத்தியம் என்று டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் ஒளித்துப் பேசுவதில்லை. முகத்துக்கு நேரேதான் சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பாள். ஐம்பத்திரண்டு வயதில், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு பூதக்கண்ணாடியைத் தேடுகிறவளை வேறு என்னவென்று சொல்வது? அவளுக்கு வேண்டியது, வெள்ளைக்காரன் இலங்கையைப் பிடித்த புதிதில் அடித்த செப்புக் காசு. தடித்த, கோணல்மாணலான காசு. ஒரு பக்கம் யானை, அதன் காலடியில் வருஷம். மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது மண்ணுக்குள் ஒன்று அகப்பட்டது. அன்றைக்குத் தொலைந்தவள்தான்.

அந்தக் காசுக்கான அச்சைக் கையால் வெட்டினார்களாம். அதனால் ஒரு யானை கொழுத்திருக்கும், இன்னொன்று நாலு நாள் பட்டினி கிடந்ததுபோல் நிற்கும், ஒன்றுக்கு வால் தரையைத் தொடும். இந்தக் கூத்தையெல்லாம் பார்க்கத்தான் பதினைந்து வருஷமாக வரிசை வீடுகளுள்ள லயம் லயமாக ஏறி இறங்கிப் பழைய காசு கேட்டாள். எந்த லயத்திலும் கிடைக்கவில்லை. அதே லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் வேலாயி கதவைத் திறக்காமலே இல்லையென்று விடுவாள். கினிகத்தேனைக் கடைகளிலும், நோட்டன் பிரிட்ஜில் பழைய பித்தளை வாங்குகிறவரிடமும் பொறுக்கிச் சேர்த்தவற்றோடு மொத்தம் பதினொன்று.

அந்தப் பதினோராவது காசுதான் ராசாத்தி. 1803 என்ற வருஷத்தில் மூன்று என்ற எண் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. ராசம்மாவுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். படம் எடுத்து, பழைய காசு சேர்ப்பவர்களின் போன் குழுவில் போட்டாள். அங்கே கொழும்புக் கஜேந்திரன் சொன்னால் சொன்னதுதான். அவர் எல்லாரும் பார்க்க எழுதினார்: "இப்படி ஒரு காசே கிடையாது. இந்த அம்மா கீறி மாற்றியிருக்கிறார்."

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்ததில் ஒரு நாள்கூடக் கூடையில் தண்ணீர் தெளித்து நிறை ஏற்றாதவளைப் பார்த்து இந்தப் பேச்சா? ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் நடக்கும் குழுவின் கூட்டத்துக்கு வந்து உங்கள் கையிலேயே வைக்கிறேன் என்று பதில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்து காசு டப்பாவைத் திறந்தால், பத்துதான் இருந்தது. ராசாத்தியைக் காணோம்.

அன்றைக்குத் தோட்டத்துப் புதுக் கோயிலில் அம்மன் சிலையைப் பீடத்தில் இறக்கும் நாள். புருஷன் அழகன் கோயில் கமிட்டிக்காரர். மூச்சிரைக்க ஓடிப்போய் அவரைக் கோயில் படியிலேயே மறித்தாள்.

"ஏங்க, டப்பாவுல ஒன்னு கொறையுது."

"நான்தான் புள்ள எடுத்தேன். பீடத்துக் குழியில போட வீட்டுக்கு ஒரு செப்புக் காசு வேணும்னு ஐயர் சொன்னாங்க. பயப்படாத, நல்லதெல்லாம் விட்டுட்டேன். நம்பர் பொரண்டு கெடந்துச்சே, பழுதானது, அதத்தான் போட்டேன்."

இப்படி ஒரு புண்ணியவானோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உள்ளே ஓடினாள்.

சிலையைத் தூக்கக் கயிறு கட்டியாயிற்று. "நல்ல நேரம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, சட்டுனு பாத்துக்கம்மா" என்றார் ஐயர். ராசம்மா முழங்கால் போட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அடி ஆத்தே, யானை மேல் யானை. முப்பதுக்குக் குறையாது. இல்லை இல்லை என்ற அத்தனை லயத்துக் காசும் மஞ்சள் பூசிக்கொண்டு கிடந்தது.

"இல்லன்னீங்களேக்கா?" என்று வேலாயியைப் பார்த்தாள்.

"ஒனக்குக் குடுக்க இல்லன்னேன். அம்மனுக்குன்னா இருக்குத்தானே?"

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மடியிலிருந்த பூதக்கண்ணாடியில் பார்த்து, இது குண்டன், இது நோஞ்சான் என்று கூவக் கூவ, சனம் சுற்றி நின்று தங்கள் வீட்டு யானை எதுவென்று கேட்டது. ராசாத்தி கிடைத்தாள். அடுத்ததாக வேலாயியின் காசைத் திருப்பியவள் மஞ்சளைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள். அதிலும் மூன்று திரும்பி நின்றது. இரண்டு யானைக்கும் முதுகில் ஒரே இடத்தில் ஒரே கோடு.

அங்கேயே வீடியோவில் கஜேந்திரனைக் கூப்பிட்டு இரண்டையும் சேர்த்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"ரெண்டும் ஒரே அச்சும்மா. யாரும் கீறேல்ல, அச்சு வெட்டினவனே மூண்டைத் திருப்பி வெட்டியிருக்கிறான். நான் சொன்னது பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்க. எல்லாரும் பார்க்க எழுதுறேன். ரெண்டையும் அப்படியே வைச்சிருங்க, இப்பவே வெளிக்கிட்டு வாறேன்."

சிலையை இறக்க மணி அடித்தது. "ஒன்னோடத எடுத்துக்க புள்ள," என்றார் அழகன், குரல் இறங்கி. ராசம்மா சுற்றிலும் பார்த்தாள். யாரும் தங்கள் காசைக் கேட்கவில்லை. வேலாயி கும்பிட்ட கையோடு நின்றாள். ராசம்மாவுக்குக் கண் நிறைந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழிக்குள் போட்டாள். மேளம் முழங்க, அம்மன் மெல்ல இறங்கிப் பீடத்தில் உட்கார்ந்தாள். சிலை அசையாமலிருக்கச் சுற்றிலும் மருந்து சாத்தினார்கள்.

கையிலிருந்த போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "அம்மா, கேக்குதா? காரை எடுத்திட்டேன்."

"இப்ப வராதீங்கய்யா," என்றாள் ராசம்மா. "ஆத்தா மேல உக்காந்துட்டா. பன்னெண்டு வருசம் கழிச்சி, அடுத்த கும்பாபிஷேகத்துக்குத் தூக்குனா, அப்ப வாங்க, காட்டுறேன்."