எதிரணி அறையில் கிடந்த தாள்

அயோவாவில் எங்கள் ஹால்வர் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் உடைகளையும் ஹெல்மெட்டுகளையும் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டவர் டெல்லா ராஸ்முசன். ஆற்றுக்கு அக்கரையில் வெல்டன் பல்கலைக்கழகத்தில் அதே வேலை ஆர்லின் போயருக்கு. எங்கள் அணியின் சின்னம் சேவல், அவர்களுடையது கழுதை. வருடாந்தர ஆட்டத்தன்று இருவரும் சீண்டிக்கொள்ளாமல் இருந்ததில்லை.

"என்ன டெல்லா, உங்க சேவலுங்களுக்கு இன்னிக்காவது றெக்கை முளைச்சிருக்கா?"

"உன் கழுதைங்க உதைக்க மறக்காம இருந்தா சரி, போ!"

ஒன்பது வருடமாக நாங்கள் ஜெயிக்கவில்லை. அந்த நவம்பரில், ஆட்டத்துக்கு முன் துண்டு வைக்கப் போன டெல்லா, எங்கள் மைதானத்தில் வெல்டன் அணிக்கு ஒதுக்கிய அறையில் பெஞ்சுக்கடியில் ஒரு தாளைப் பார்த்தார். அவர்களுடைய ஆட்டத் திட்டம் முழுதும் அதில் இருந்தது. மடித்து எங்கள் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டார். மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

அந்தத் தாள்களை எண்ணி வாங்கி வைப்பது ஆர்லினின் பொறுப்பு. ஒன்று குறைந்ததால் அவரை அணியிலிருந்து எடுத்துக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். கேள்விப்பட்ட டெல்லா வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரலில் சூறாவளி எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தைத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு ஹெல்மெட்கூட மிஞ்சவில்லை. முதலில் வந்த லாரி வெல்டனுடையது. ஓட்டி வந்தவர் ஆர்லின். தொண்ணூறு ஹெல்மெட்டுகள். அவர் விரலெல்லாம் எங்கள் அணியின் சிவப்புச் சாயம்.

"கழுதையை அழிச்சிட்டு சேவல் வரைய மூணு நாள் ஆச்சு. இறக்கு, இறக்கு!"

டெல்லாவால் பெட்டியைத் தொட முடியவில்லை.

"ஆர்லின்... அந்தத் தாளை எடுத்தது நான்தான்."

அவர் லாரியின் பின்பலகையில் அப்படியே உட்கார்ந்தார்.

"நீயா? எங்க வெச்சேன்னே ஞாபகம் வரல டெல்லா. எங்கப்பாவுக்கு வந்த மறதி எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன். டாக்டர்கிட்டக்கூட போனேன்."

அன்றே டெல்லா அவருடன் லாரியில் ஏறி அக்கரைக்குப் போய், வெல்டன் பயிற்சியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆர்லினுக்குப் பழைய வேலை கிடைத்தது. எங்கள் வெற்றி ரத்தானது; எங்கள் பயிற்சியாளரும் விலகினார். ஊரில் பாதிப் பேர் டெல்லாவுடன் பேசுவதை நிறுத்தினார்கள். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவரை உலுக்கியது அன்று மாலை ஆர்லினின் வீட்டில் நடந்ததுதான். விஷயத்தைக் கேட்டதும் அவர் மனைவி நோரீன் டெல்லாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அப்போ இவருக்கு ஒண்ணுமில்லையா? நல்லாத்தான் இருக்காரா? நீ நல்லா இருக்கணும்மா!"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று டெல்லா என்னிடம் சொன்னார். நோரீன் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி, மேலே ஆடை படியும்வரை டெல்லா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.