பம்ப் ரூம் கோமளாவும் மஞ்சள் துண்டும்

சிங்காநல்லூரில் எங்கள் பட்டறை வீதிக்கு வருகிற லாரி டிரைவர்களில் கோமளாவைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அந்தப் பட்டறையின் பெயர்ப்பலகையில் அவர் பெயரைத் தேடாதீர்கள். முதலாளி கோவிந்தராஜுலு பெயர் இருக்கும். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத அவர் மகன் தேஜாவின் பெயர்கூட இருக்கும். கோமளா அங்கே பத்தொன்பது வருஷமாக நிற்கிறார்.

அவர் நிற்கிற இடம் பின்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை. பம்ப் ரூம் என்பார்கள். என்ஜினுக்கு டீசலை அளந்து கொடுக்கிற பம்பைக் கழற்றி அங்கிருக்கும் மிஷினில் பூட்டி ஓட்டுவார்கள். ஆறு கண்ணாடிக் குழாய்களிலும் டீசல் ஒரே அளவு விழ வேண்டும். ஒன்றில் ஒரு பொட்டு கூடினாலும் கோமளா நிறுத்திவிடுவார். நான் எதிரே போல்ட் நட் கடை வைத்திருக்கிறேன். கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆயுத பூஜையன்று காலையிலேயே பட்டறை ஆண்கள் ஒவ்வொருவர் தோளிலும் சிவப்புக் கரை போட்ட மஞ்சள் துண்டைப் போட்டுவிடுவார் முதலாளி. கோமளாவுக்கும் கூட்டிப் பெருக்க வரும் அம்மாவுக்கும் தட்டில் வைத்து ரவிக்கைத் துணி. ஒரு வருஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"ஏனுங்ணா, ஒரு துண்டு என்னங்க பெரிய சமாச்சாரம். ஆனா இவளும் ஒரு மெக்கானிக்குன்னு அந்த ஒரு நாளாச்சும் நெனைக்கோணுமல்லங்க."

டீ வாங்கிக் கொடுத்தேன்.

போன வருஷம் பெருந்துறை குமாரசாமியின் பழைய லாரி பம்ப் வேலைக்கு வந்தது. கோமளா சரிபண்ணி மாட்டிக் கொடுத்தார். பூஜையன்று லாரியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மறுநாள் காலை நல்ல நேரத்தில் டிரைவர் அப்புசாமி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுத்துப் போனார். பத்தே நாளில் லாரி திரும்பி வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கரிக்கரியாகப் புகை. மேட்டில் இழுக்கவில்லை, டீசலையும் குடித்துத் தள்ளியது.

கரும்புகை வந்தால் உள்ளே போகும் டீசலுக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். டீசல் கூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று குறைந்திருக்க வேண்டும். இரண்டாவதை யாரும் யோசிக்கவே இல்லை. டீசல் என்றால் பம்ப், பம்ப் என்றால் கோமளா.

"முடியலீன்னா சொல்லிப்போடு கோமளா," என்றார் கோவிந்தராஜுலு, பட்டறையே கேட்கும்படி. "நாளையிலிருந்து பம்ப் ரூமை தேஜா பாத்துக்குவான்."

கோமளா பம்பை இறக்கி மறுபடி மிஷினில் பூட்டினார். ஆறு குழாயும் ஒரே மட்டம். டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி அடித்துப் பார்த்தார். எல்லாம் பனி மாதிரி தூவின. எல்லாவற்றையும் பழையபடி மாட்டியபின், ஏர் பில்டருக்குக் காற்று வரும் குழாயைப் பில்டர் பக்கம் கழற்றிவிட்டு, அப்புசாமியை ஸ்டார்ட் பண்ணி மிதிக்கச் சொன்னார். புகை நின்றுவிட்டது.

கழற்றிய குழாயின் வளைவுக்குள் கையை விட்டு இழுத்தார். சிவப்புக் கரை போட்ட மஞ்சள் துண்டு ஒன்று பாதி வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. தண்ணீர் உள்ளே போகாமலிருக்கக் குழாயில் துண்டை அடைத்துவிட்டு லாரியைக் கழுவியது தேஜா. குழாயை மாட்டி இறுக்கிய பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் பூஜையில் வைத்தாகிவிட்டது. மறுநாள் மறுபூஜை முடியும் வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது. "நாளைக்கு எடுத்துக்கலாம், விடு" என்று மகனிடம் சொன்னதே கோவிந்தராஜுலுதான். மறுநாள் லாரி கிளம்பியபோது யாருக்கும் அது ஞாபகமில்லை. சுண்டலுக்குக் கை நீட்டியபடி நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

லாரிக்காரர் குமாரசாமி என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வீதியைக் கடப்பதற்குள் கோவிந்தராஜுலு துண்டை வாங்கிக் கழிவு ஆயில் டிரம்மில் போட்டு முக்கிவிட்டார்.

"பம்ப்பு சுத்தமா இருக்குதுங்க. எங்க கோமளா கைபட்டா தப்பு வராதுங்க," என்றார். இத்தனை வருஷத்தில் நான் அவர் வாயால் கேட்ட முதல் பாராட்டு. "உங்க டிரைவரு வழியில எங்கியோ வண்டியக் கழுவி, துணிய அடைச்சு, எடுக்காம உட்டுட்டாருங்க."

அப்புசாமிக்கு முகம் செத்துவிட்டது. "நான் வண்டிய எங்கீமே கழுவலீங்க," என்றவர் கோமளா பக்கம் திரும்பினார். "அம்மணி, துணிய எடுத்தது நீங்கதான. அது ஆரோட துணின்னு சொல்லுங்க."

பேசினால் மறுநாள் பம்ப் ரூம் தேஜாவுக்குப் போய்விடும். நாற்பத்தாறு வயதில் ஒரு பெண் பம்ப் வேலை தெரியும் என்று இன்னொரு பட்டறையில் போய் நின்றால், கணக்கு எழுதத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றார் கோமளா. "நான் பம்ப் மட்டுந்தானுங்க பாப்பேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் நான் மட்டும் என்ன கிழித்தேன்? என் வியாபாரத்தில் பாதி அந்தப் பட்டறையை நம்பித்தான் ஓடுகிறது. குமாரசாமி என்னைத் திரும்பிப் பார்த்தபோது போல்ட் எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அங்கேயே அவர் அப்புசாமியிடம் சாவியை வாங்கிக்கொண்டார். பதினோரு வருஷம் அந்த லாரியை ஓட்டியவர், காந்திபுரம் போகிற டவுன் பஸ்ஸைப் பிடிக்க, கையில் துணிப்பையோடு என் கடையைத் தாண்டி நடந்து போனார். இப்போது ஏதோ ஒரு மில் கேட்டில் வாட்ச்மேன் என்று கேள்வி.

இந்த வருஷ ஆயுத பூஜையில் கோவிந்தராஜுலு முதல் ஆளாகக் கோமளாவைத்தான் கூப்பிட்டார். "எங்க சீனியர் மெக்கானிக்குங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லி, சிவப்புக் கரை போட்ட மஞ்சள் துண்டை அவர் கையில் கொடுத்தார். தேஜா கைதட்டினான். எல்லோரும் தட்டினார்கள், நானும் தட்டினேன்.

பூஜை முடிந்ததும் கோமளா கடைக்கு வந்தார். துண்டைச் சின்னதாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தார்.

"ஒரு கவர் குடுங்ணா," என்றார். "வெளிய தெரியாத மாதிரி, கருப்புக் கவரா இருந்தா தேவலைங்க."

எடுத்துக் கொடுத்தேன்.