சாவு வீட்டில் எனக்கு வரும் சிரிப்பு

சிரிக்கக்கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். நகைச்சுவை உணர்வு அதிகம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். என் கணவர் சொல்லும் ஜோக்குகளுக்கு இருபத்தாறு வருடங்களில் நான் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. ஆனால் நாலு பேர் தலை குனிந்து அமைதியாக நின்றால் போதும், அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டு மேலே ஏறும். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் யாரோ இறந்துபோன செய்தியை அறிவித்தபோது வந்தது. என் முதல் பிரசவத்தில் மருத்துவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு பேசியபோது வந்தது. என் கழுத்தில் தாலி ஏறும்போதும் வந்தது.

அந்தத் தாலியில் மூன்றாவது முடிச்சைப் போட்டவர் என் கணவரின் அக்கா. முடிச்சைப் போட்டுவிட்டு என் காதருகே குனிந்து, "பல்ல மூடு. வீடியோ ஓடுது," என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மலேசியாவில், ஜோகூர் பக்கம் மாசாயில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வரிசை தள்ளி அவர் வீடு. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்குச் சிரிப்பு எப்படியோ அவருக்கு அழுகை அப்படி. சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலை எடுத்துவிடுவார். செத்தவர் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஒருமுறை விலாசம் மாறி வேறொரு சாவு வீட்டுக்குள் நுழைந்து, முக்கால் மணி நேரம் மார்பில் அடித்துக்கொண்டு அழுது, காப்பியும் குடித்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அந்த வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் தீபாவளிக்கு அவருக்கு முறுக்கு அனுப்புகிறார்கள்.

இப்படிப்பட்டவருக்கு என்னைப் போல ஒரு தம்பி மனைவி.

கல்யாணமான பத்தாம் வருடம், எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அந்த வீட்டில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தவருக்கு நடுவில் கொட்டாவி வந்தது. அவர் பாட்டை நிறுத்தவில்லை. கொட்டாவிக்குள்ளேயே இரண்டு வரி பாடி முடித்து வாயை மூடினார். நான் வெடித்துவிட்டேன். அக்கா என் முழங்கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தார். அவர் முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, குரலில் மட்டும் நெருப்பு.

"உனக்கு மனசே இல்லையாடி?"

"இருக்குக்கா. எங்க இருக்குன்னுதான் தெரியல."

இது மனசு ஒருமுகப்படாத கோளாறு என்று அவரே முடிவு செய்து, ஜோகூர் பாருவில் ஒரு தியான வகுப்புக்கு என்னை அழைத்துப் போனார். கீழே டயர் கடை, மாடியில் தியானம். ஆசிரியர் பஞ்சு மாதிரிப் பேசினார்.

"நீங்க வேற, நான் வேற இல்ல. உங்க குணம், உங்க பழக்கம், இதெல்லாம் சட்ட மாதிரி. கழட்டிப் போட்டுட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

கழற்றிப் போட்டால் எல்லாரும் ஒன்று என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. கேட்கவில்லை. பிறகு எல்லாரையும் ஜோடியாக உட்காரவைத்து, எதிரே இருப்பவரின் கண்ணுக்குள் ஐந்து நிமிடம் இமைக்காமல் பார்க்கச் சொன்னார். அங்கே நம்மையே காண்போமாம். எனக்கு எதிரே காப்புறுதி விற்கும் ஒருவர். நான் அவர் கண்ணில் என்னைத் தேடினேன். அவர் என் கண்ணில் ஒரு பாலிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க நிசப்தம். மூன்றாவது நிமிடத்தில், கீழே யாரோ டயர் நட்டைக் கழற்றும் இயந்திரத்தை இயக்கினார்கள். டுர்ர்ர் என்று பெரிய சத்தம். காப்புறுதிக்காரர் அசையவே இல்லை. ஒரு கண் மட்டும் துடித்தது.

நான் சிரித்த சிரிப்பில் பின்வரிசை அம்மா ஒருவர் தியானம் கலைந்து, "என்னாச்சு, என்னாச்சு?" என்று எழுந்துவிட்டார். ஆசிரியர் பஞ்சுக் குரலில், "நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்கம்மா," என்றார். பாக்கி வகுப்பு முழுவதும் மாடிப்படியில் செருப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அண்டசராசரமும் ஒன்றாகிக்கொண்டிருந்தது, என்னைத் தவிர.

திரும்பும்போதும் நான்தான் கார் ஓட்டினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அக்கா, "நீ எதுலயும் சேர மாட்ட லா," என்றார்.

அதோடு நானும் என்னைத் திருத்தும் முயற்சியைக் கைவிட்டேன். எனக்குத் தெரிந்த தொழில் கார் ஓட்டக் கற்றுத்தருவது. டிரைவிங் ஸ்கூலில் பிள்ளைகள் என்னைச் சிக்கு என்று கூப்பிடுவார்கள். மலாயில் அதற்கு வாத்தியார் என்று பொருள். தமிழில் என்ன பொருளோ அதுவும் எனக்குப் பொருத்தம்தான். ஆகவே அதன் பிறகு எந்தச் சாவுக்குப் போனாலும் உள்ளே போவதில்லை. எங்கள் தாமானில் வீதிகள் குறுகல், ஒரு சாவு விழுந்தால் நாற்பது கார் வரும். நான் தெருவில் நின்று கைகாட்டி ஒவ்வொரு காரையும் ஒழுங்காக நிறுத்தவைப்பேன். ஆரம்பத்தில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. யாராவது தவறிவிட்டால் காரியம் செய்யும் பண்டாரத்துக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் போன் வரும். தெருவில் நின்று எவ்வளவு சிரித்தாலும் யாரும் கேட்பதில்லை. வெயிலுக்கு முகத்தைச் சுளிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் என் சிரிப்பைப் பொருட்படுத்தாதவர் மாமனார் ஒருவர்தான். சிகாமட் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். மாமி போன பிறகு, அந்த ஊரில் வந்த இரண்டு பெரிய வெள்ளத்தையும் தனியாகப் பார்த்துவிட்டு, எங்களோடு வந்துவிட்டார். "நீ சிரிம்மா. அழறதுக்குத்தான் என் மக இருக்காளே," என்பார்.

அவருக்கும் ஒரு கோளாறு உண்டு. நேரம். பத்து மணிக்கு எங்காவது போகவேண்டும் என்றால் எட்டரைக்கே சட்டை போட்டு, காரில் முன் இருக்கையில் ஏறி, பெல்ட் மாட்டி, கண்ணாடியை இறக்கி உட்கார்ந்துவிடுவார். ரயில் வந்து நிற்கும்போது பயணி ஸ்டேஷனில் இருக்கவேண்டுமாம். எங்கள் வீட்டுக் கார் ரயில் இல்லை, அவர் ஏறாமல் அது கிளம்பாது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, கிளினிக்கில் அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் நாள். வழக்கம்போல் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட்டார். நான் ஒன்பதரைக்குத்தான் வெளியே வந்தேன். வரும்போதே திட்டிக்கொண்டு வந்தேன்.

"மாமா, வெயில்ல உக்காராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? அவங்க கதவத் தொறக்கறதே பத்து மணிக்குத்தான்."

பதில் இல்லை. கோபம் போல என்று நினைத்தேன். தண்ணீர் போத்தலைப் பின்னால் வைத்தேன். உட்கார்ந்தேன். பெல்ட் மாட்டி, காரை முடுக்கி, பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஒழுங்கின்படி நடுக் கண்ணாடியைப் பார்த்து, வலது கண்ணாடியைப் பார்த்து, இடது கண்ணாடிக்குத் திரும்பினேன். இடையில் அவர் முகம் இருந்தது.

எஞ்சினை நிறுத்தினேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைச் சொல்லிவிடவேண்டும். அவருடைய பெல்ட்டைக் கழற்றக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் கணவரைக் கூப்பிட்டேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே அன்றைக்குக் காலையில்தான். நான் வீட்டு மருமகள், அன்றைக்குத் தெருவில் நின்று கார் நிறுத்த முடியாது. தலைமாட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். வாயை இறுக்கிக்கொண்டு தரை ஓட்டில் இருந்த ஒரு விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூடம் நிறையப் பெண்கள். எல்லாரும் ஒரு ஆளுக்காகக் காத்திருந்தார்கள். ஊரார் சாவுக்கே அப்படி அழுகிறவர், பெற்ற தகப்பனுக்கு எப்படி அழுவார்?

அக்கா வந்தார். செருப்பைக் கழற்றினார். சத்தமில்லை. உள்ளே வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். கால்மாட்டில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பத்து நிமிடம் போயிற்று, அரை மணி நேரம் போயிற்று. சின்னம்மா ஒருவர், "அழுதுடும்மா, உள்ளுக்குள்ள வெக்காத," என்று முதுகைத் தடவிக்கொடுத்தார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மெல்ல நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்தார்.

"ஏய், வரமாட்டேங்குதுடி."

"என்னக்கா?"

"அழுக. நேத்துலேந்து பாக்கறேன், ஒரு சொட்டு வரல. எல்லாரும் என்னையே பாக்கறாங்க லா."

உதவும் எண்ணத்தோடுதான், "வெங்காயம் கொண்டாரட்டுமா?" என்று கேட்டேன். தொடையில் கிள்ளினார்.

இரண்டு மணிக்கு வரவேண்டிய சவ வண்டி மூன்றாகியும் வரவில்லை. கடைசியில் வந்து, பின்பக்கமாக வாசலை நோக்கி நகர ஆரம்பித்தது. அது பின்னால் வரும்போது பாட்டுப் பாடும் வகை வண்டி. ஐஸ்கிரீம் வண்டி போல ஒரு பாட்டு, டிங்டிங் என்று, குஷியாக. கூடத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் விரிசலைப் பார்த்தேன். கிராதிக்கு வெளியே, ஓட்டுநர் ஸ்டீரிங்கைத் தப்பான பக்கம் ஒடிப்பது தெரிந்தது. பின் சக்கரம் தொம் என்று சாக்கடைக்குள் இறங்கியது. பாட்டு நிற்கவில்லை.

முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். உடம்பு குலுங்கியது.

"வேணாம்," என்றார் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு. "வேணாம்டி. அது எங்கப்பாடி."

"முடியலக்கா."

பிறகு அக்கா மிகத் தாழ்ந்த குரலில், "ஒரு மணி நேரம் லேட்டு. அப்பா எந்திரிச்சார்னா அந்தாளத் தொலைச்சுடுவார்," என்றார். சொல்லி முடித்த கையோடு அவர் மூக்கிலிருந்து, தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் விசில் போல ஒரு சத்தம் கிளம்பியது. அறுபதை நெருங்குகிற என் நாத்தனார், எங்கள் வட்டாரத்தின் முதல்தர அழுகைக்காரர், அப்பாவின் தலைமாட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் தலைமேலும் போட்டார். உள்ளே இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினோம்.

வெளியே சின்னம்மாவின் குரல் கேட்டது. "அப்பாடா, அழுதுட்டா!" உடனே அவர் ஓவென்று அழ, பக்கத்திலிருந்தவர் அழ, கூடமே அழ ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் அக்காவுக்கு ஏதோ அறுந்தது. "அப்பா" என்று ஒரு குரல். நான் கேட்டிருந்த எந்த ஒப்பாரியிலும் இல்லாத குரல், ராகமே இல்லாத குரல். எனக்கும் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்த அந்த முகம் ஞாபகம் வந்தது. என் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது. அந்தத் துண்டுக்குள் இரண்டு மூக்கும் ஒழுகின, எது யாருடையது என்று பிரிக்க முடியாத அளவுக்கு. மாடி வகுப்பில் சொன்ன ஒருமை இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆசிரியர் சளியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் எந்தச் சட்டையையும் கழற்றவில்லை. நான் நானாகவும் அக்கா அக்காவாகவும் இருந்தபடியேதான் அது நடந்தது.

வண்டி இன்னும் சாக்கடையில் இருந்தது. என் கணவரும் நாலைந்து ஆண்களும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனேன். "எல்லாரும் தள்ளுங்க. தம்பி, வலது பக்கம் முழுசா ஒடி. மெதுவா விடு. இன்னும், இன்னும். ஸ்டாப்!" சக்கரம் மேலே வந்தது. ஓட்டுநர் தலையை நீட்டி என்னை உற்றுப் பார்த்தார்.

"சிக்கு! நீங்கதானே எனக்கு லைசன்சு எடுத்துக் குடுத்தீங்க?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சமையலறையில் நாங்கள் இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். நான் கேட்டேன், "எப்பிடிக்கா தெரியாதவங்களுக்கெல்லாம் அப்பிடி அழறீங்க?"

"அவங்களுக்கா அழுதேன்னு நெனச்ச?" என்றார், தேய்ப்பதை நிறுத்தாமல். "வேலையில மெஷின் முன்னாடி நின்னு அழ முடியாது. வீட்டுல அழுதா புள்ளைங்க பயந்துக்கும். சாவு வீட்டுல அழுதாத்தான் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க." அடுத்த பாத்திரத்தை எடுத்தபடி, "உனக்கு ஏன் சிரிப்பு வருது?" என்று கேட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நிறுத்து என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"பயம்னு நெனக்கிறேன்க்கா."

"சிரிச்சா போயிடுமா?"

"போகாது. கொஞ்ச நேரம் வெளிய நிக்கும்."

"ம்," என்றார். ஒரு தட்டை என்னிடம் நீட்டி, "இதுல எண்ண போகல, திரும்பத் தேய்," என்றார்.

நாங்கள் அதன் பிறகு ஒட்டி உறவாடினோம் என்றெல்லாம் இல்லை. என் சாம்பாரில் அவர் இன்னும் குறை சொல்கிறார். அவர் வாட்ஸப்பில் அனுப்பும் காலை வணக்கப் படங்களை நான் திறப்பதில்லை. ஆனால் போன வருடம் திடீரென்று வந்து, கார் ஓட்டக் கற்றுக்கொடு என்றார். தொழிற்சாலை பஸ்ஸிலேயே வாழ்க்கையை ஓட்டியவர். சரி என்றேன். லைசன்சு சோதனையில் மேட்டில் கார் பின்னால் உருண்டபோது அவர் அழுதார். அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு. அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாளில் ஏதோ கிறுக்கினார். மூன்றாவது தடவை தேறினார்.

போன மாதம் செடி வைக்கப் பூச்சட்டி வாங்க என்னையும் ஏற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாம் வரை அவரே ஓட்டினார். ஊர் நெருங்கும் வளைவில், சாலையோரம் ஒரு குரங்கு அடிபட்டுக் கிடந்தது. உடனே குரல் கிளம்பிவிட்டது.

"அக்கா, ரோட்டப் பாருங்க."

"பாத்துக்கிட்டேதான் அழறேன் லா. நீ சிரிக்காத," என்றபடி அவர் மூன்றாவது கியருக்கு மாற்றினார். சரியாகத்தான் மாற்றினார்.