புட் என்றால் வை

“புட் அவுட்” என்று சொல்லிவிட்டு மேனேஜர் மேடம் என் பக்கம் விரலை நீட்டினார். லாட்ஜ் ரிசப்ஷனில் நிற்பவர்களுக்கு முதலில் வலிப்பது கால், அடுத்தது இங்கிலீஷ்.

விளக்கு

தினமும் காலை கவுன்டர் முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். மேடம் ஒரு ‘புட்’ போடுவார். அதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. புட் என்றால் வை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அவுட் சேர்ந்தால் அணைக்குமாம். ஆன் சேர்ந்தால் உடுத்துமாம். ஆஃப் சேர்ந்தால் தள்ளிப்போடுமாம். ஒரே சொல், இத்தனை குணம். நம்மைப் போன்றவர்கள் எதை நம்புவது?

“ப்ளீஸ் புட் அவுட் தி லைட்” என்றேன். மேடம் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் நின்ற லிஃப்ட் ஆபரேட்டர் மணி அண்ணனுக்கு மூச்சு போயிருந்தது. மேடம் அந்தப் பக்கம் திரும்பியதும் என் காதருகே சொன்னார்:

“அந்த லைட்டு என்னுதும்மா. நேத்து சாயங்காலத்திலேர்ந்து வெச்சிக்கினு இருந்தேன்.”

சித்தூர் பஸ்

நானும் தேவியும் கீழ்த்தளத்துச் சலவை அறையிலிருந்து ரிசப்ஷனுக்குச் சோதனை முறையில் ஏற்றப்பட்டவர்கள். இடம் ஒன்றுதான். ஒருத்தி திரும்பக் கீழே போக வேண்டும். கீழே போவது என்றால் சலவை சோடா கரைத்த தண்ணீரில் நாளெல்லாம் கை. அந்த வேலையில் என் விரல் இடுக்குகள் வெடித்து, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்ட மாதங்கள் உண்டு.

அதனால் சித்தூரில் பஸ் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைக்கத் தொடங்கிவிடுவேன். புட் ஆன், புட் ஆஃப், புட் அவே. ஒருநாள் பக்கத்து இருக்கையில் பலமனேர் அம்மா ஒருத்தி. திருப்பதி மலைக்குப் போகிறாள், மடியில் மஞ்சள் துணி முடிச்சு. என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் தடுமாறி முதலிலிருந்து ஆரம்பித்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. பரிவோடு கேட்டாள்:

“எத்தினி வாட்டி சொல்றதா வேண்டிக்கினே? நூத்தியெட்டா?”

மூன்றாவது மாடி

போன் அடித்தது. “ப்ளீஸ் புட் மீ த்ரூ டு தி கேன்டீன்” என்றது ஒரு குரல், ஒவ்வொரு சொல்லாக. எனக்குப் புரிந்தது. கேன்டீனுக்கு இணைப்புக் கொடுக்கச் சொல்கிறார். ஆனால் பதிலும் இங்கிலீஷில் சொல்ல வேண்டுமே. கை தானாகப் போனை வைத்துவிட்டது. தன் மேசையிலிருந்து மேடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் போன் செய்த மூன்றாவது மாடிக்காரர் தோளில் ஈரத்துண்டோடு இறங்கி வந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு, “தப்பாயிடுச்சி சார்” என்றேன், தமிழில். அந்த நேரத்தில் வேறு மொழி வரவில்லை. குடியாத்தத்துக்காரராம். கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார்.

“தமிழா நீ? ரூம்ல ஒக்காந்து அரை மணி நேரம் ஒத்திகை பாத்துட்டு போன் பண்ணேன்மா.”

பொறுத்துப்போவது

அன்று மாலை மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நாளைக் காலை ‘புட் அப் வித்’. பொறுத்துப்போவது என்று அர்த்தம். தெலுங்கிலும் ஒருமுறை விளக்கினார். “நாளைக்கி சொல்லாதவங்க திங்கக்கிழமையிலேர்ந்து லாண்ட்ரி” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் பஸ் கிளம்பும்போது என்னிடம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. சந்திரகிரி வருவதற்குள் இரண்டு உதிர்ந்துவிட்டன. மிச்சம் ஒன்று: வி புட் அப் வித் தி நாய்ஸ். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சந்திரகிரியில் தேவி ஏறினாள். திருத்தணிப் பெண், இங்கே வாடகை வீட்டில் இருக்கிறாள். கம்பியைப் பிடித்த அவள் கையைப் பார்த்தேன். விரல் வெடிப்புகள் இன்னும் மூடவில்லை.

“ரெடியாக்கா?”

“ஏதோ. நீ?”

“ராத்திரியெல்லாம் படிச்சேங்க்கா. ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது.” குனிந்து என் காதில் சொன்னாள். “வி புட் அப் வித் தி நாய்ஸ். சரியாக்கா?”

“சரிதான்” என்றேன்.

“வேற எவளாச்சும் முன்னாடி சொல்லிட்டான்னா அவ்ளோதான். மறுபடியும் சோடாத் தண்ணிதான்.”

திருப்பதி பஸ் நிலையம் வரை எனக்கு இன்னொரு வாக்கியம் வரவில்லை. எதையெல்லாம் பொறுத்துப்போகிறேன் என்று கேட்டால் தமிழில் மத்தியானம் வரை சொல்வேன். ஒரு வாக்கியத்துக்கு ஒருத்திதான் என்கிற சட்டம் இங்கிலீஷ்காரர்களுக்கே தெரியுமா என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.

கவுன்டர் முன்னால் வரிசையில் நின்றோம். மேடம் எப்போதும் இடப்பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். இடக்கோடியில் நான், அடுத்து தேவி. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. மேடம் தன் அறைக் கதவைத் திறந்தார். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன். நிமிர்ந்து, தேவிக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.