எட்டு விளக்குகளுக்கு நான்கு சொற்கள்

காரிமங்கலத்தில் நான் பணியாற்றிய பள்ளிக்குக் கணிப்பொறி வந்தது எண்பதுகளின் பிற்பகுதியில். தமிழிலேயே கட்டளையிடத்தக்க சிறு நிரல்மொழி ஒன்றை அதற்கென எழுதியவர், மாரண்டஹள்ளியிலிருந்து பேருந்து மாறி மாறி வந்த எங்கள் இயற்பியல் ஆசிரியை. சொல் தேர்ந்து கொடுப்பது தமிழாசிரியனான என் பொறுப்பு.

ஓர் எண்ணைக் கணிப்பொறி ஒன்றும் சுழியுமாக எட்டு இலக்கங்களில் வைத்துக்கொள்கிறது. ஒன்று எனில் எரியவும் சுழி எனில் அணையவும் எட்டுச் சிறு விளக்குகளை அவர் இணைத்திருந்தார். இரண்டு எண்களிலும் எரிவதை மட்டும் எரியவிடுவது ஒரு செயல். ஒன்றிலேனும் எரிவதை எரியவிடுவது மற்றொன்று. இவ்வாறு நான்கு. விசைப்பலகையிலுள்ள குறிகளே இவற்றுக்குப் போதும் என்றார் அவர். படித்த மாத்திரத்தில் பொருள் தராத குறியை மொழியென ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ‘இரண்டிலும்’, ‘ஒன்றிலேனும்’, ‘ஒன்றில்மட்டும்’, ‘தலைகீழாக’ என நான்கு சொற்களை ஒரு மாதம் வாதாடி நிலைநிறுத்தினேன்.

ஆங்கில விசைப்பலகையில் ஒரு தமிழ் எழுத்துக்கு இரண்டு மூன்று விசைகள் தட்ட வேண்டும்; குறிக்கு ஒரே விசை. நிரலில் வரிக்கு வரி என் சொற்களே வந்தன. எங்கள் கேசட் நாடாக் கருவி இருப்பதைப் படிக்குமே தவிரப் புதிதாகப் பதியாது. ஆகவே மொழி நாடாவிலிருந்து ஏறினாலும், விளக்குகளுக்கான நிரலை ஒவ்வொரு முறையும் அவரே முதலிலிருந்து அடித்தார். மின்சாரம் முக்கால் மணி நேரம் போகாமல் இருந்தால் அது நல்ல நாள்.

“நீங்க வெச்ச பேரு நல்லாத்தாங்க இருக்குது ஐயா. அடிச்சு முடிக்கிற வரைக்கும் கரண்டு காத்திருக்கணுமே” என்று ஒருமுறை சொன்னார். பிறகு சொல்லவில்லை.

கல்வி அலுவலர் பார்வையிட வருவதாக இருந்தது. நிரல் ஓடினால் வாரத்தில் ஒரு பாடவேளை கிடைக்கும்; ஓடாவிடில் கணிப்பொறி வேறு பள்ளிக்குப் போய்விடும். அன்று ஆசிரியையின் பேருந்து வழியில் நின்றுவிட, அவருடைய குறிப்பேட்டைப் பார்த்து நானே அடிக்கத் தொடங்கினேன். இருமுறை மின்சாரம் போயிற்று. இருமுறையும் அடித்ததெல்லாம் அழிந்தது. இரண்டாம் முறை கடைசிப் பக்கத்தில் இருந்தேன். விரல் நுனிகள் மரத்திருந்தன.

மின்சாரம் மீண்டபோது ஆசிரியை உள்ளே வந்தார். அலுவலர் வரக் கால்மணி நேரமே இருந்தது.

“குறியே போட்டுடுங்க டீச்சர்” என்றேன். “மொழிய மாத்த நேரம் இருக்குங்களா?”

நாடாவை ஓடவிட்டபடியே, என் முகத்தைப் பாராமல் சொன்னார்: “மாத்த ஒண்ணுமில்லீங்க ஐயா. மொத நாள்ல இருந்தே அது குறியையும் ஏத்துக்கும்.”

அத்தனை மாதமும் என் சொற்களை அவர் எனக்காக மட்டுமே அடித்திருக்கிறார். குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பத்து நிமிடத்தில் விளக்குகள் எரிந்தன.

திரையிலிருந்த குறியைக் காட்டி, இதற்கென்ன பொருள் என்று அலுவலர் கேட்டார்.

“ரெண்டுலயும் எரியறது மட்டுங்க” என்றார் ஆசிரியை.

அலுவலர் தலையசைத்துப் பாடவேளைக்கு ஒப்பமிட்டார். அவர் படியிறங்கும் முன்பே மின்சாரம் போய்விட்டது. மீண்டும் அடிக்கும் அவசரமில்லாமல், அணைந்த விளக்குகளின் முன் நாங்கள் இருவரும் உட்கார்ந்தே இருந்தோம்.